தேநீர்க் கடையில் மலர்ந்த பள்ளி

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நாம், தெருவோரத் தேநீர்க் கடைகளை நாள்தோறும் கடந்து செல்கிறோம். ஒடிசாவின் கட்டாக் நகரில் அத்தகைய கடையொன்றை நடத்தியவர் பிரகாஷ் ராவ். கல்வியில் ஆர்வமிருந்தும், வறுமையால் சிறு வயதிலேயே தந்தையின் கடைக்கு வந்துவிட்டவர் அவர். தமக்குக் கிட்டாத கல்வி குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கேனும் கிட்ட வேண்டுமென்று 2000-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அறிந்தவராதலின், பாலும் உணவும் அளித்தார்; கடை வருவாயில் பாதியை அதற்கே செலவிட்டார். 2019-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. 2021 ஜனவரியில் மறைந்தார். ஈகைக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. சிறு வருவாயிலும் பிறர்க்கென ஒரு பங்கை ஒதுக்கும் மனமே வேண்டும். நம்மை வாழவைக்கும் ஊருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவேயன்றோ?