கத்திப் பிடிக்கு ஏற்ற மரம்



சமையலறைக் கத்தியை விலைக்கு வாங்குவோர் அலகின் கூர்மையை விரலால் தடவிப் பார்ப்பர். பிடியைப் பிடித்துப் பார்ப்பவர் சிலரே. பூசணிக்காயைப் பிளக்கும்போது ஆடும் பிடி சற்றே திரும்பினால் போதும். அலகு காயை விட்டு விரலில் பாய்ந்துவிடும். ஆகவே பிடிக்குரிய மரத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பிடி ஏன் ஆடுகிறது? மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், வறண்டால் சுருங்கும். இரும்புக்கு அந்த இயல்பு இல்லை. அம்மட்டோ! மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் அது மிகச் சிறிது. அதனால் வட்டமாகத் துளைத்த துளை நாளடைவில் கோணிப்போகிறது, வெடிப்பும் காண்கிறது.

இதற்கு முதல் மருந்து வயிரம் பாய்ந்த மரம். தொல்காப்பிய மரபியல், வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கில் பனையும் புல்லே! பிடிக்கு நாம் தேடுவது அந்த உள்வயிரம். அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதியில் மாச்சத்து மிகுதி. வண்டு துளைப்பதும் அங்கேதான்.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அவற்றுக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகள் செதுக்கும் மரங்களுள் வாகை ஒன்று. அதன் வயிரம் கரும்பழுப்பு நிறமானது. மெருகு நன்கு ஏறும். அறுக்கும்போது எழும் தூள் தும்மலைக் கிளப்பும். மூக்கைத் துணியால் மூடிக்கொள்க. மேற்கே கல்வராயன் மலை போன்ற வறண்ட காடுகளில் வளரும் உசிலையும் உறுதியானது. தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தருவது இம்மரமே. வேங்கையும் உறுதி மிக்கதுதான். ஆயினும் நீர் பட்டால் சாயம் கசியும். ஓயாது நனையும் கத்திக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என் தேர்வு புளி. முதிர்ந்த மரத்தின் நடுவே சிறிதளவே வயிரம் இருக்கும். செங்கருமை நிறமும் கல் போன்ற கடினமும் உடையது. உலக்கைக்கும் கொட்டாப்புளிக்கும் ஈடுகொடுத்த மரம் அன்றோ! காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. ஒரு பிடிக்கு அரைச்சாணுக்குச் சற்று மிகுந்த துண்டு போதும். தச்சுப் பட்டறையின் கழிவிலேயே அது கிடைக்கும்.

துண்டின் இரு முனைகளிலும் மெழுகு தடவி நிழலில் உலர்த்துக. வாரந்தோறும் தராசில் நிறுத்து, எடை குறைவது நின்ற பின்னரே உளியைத் தொடுக. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. மரத்தின் இழை பிடியின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒரே அழுத்தத்தில் முறியும். அலகின் வாலைத் துளையில் அரக்கிட்டுப் பொருத்தி, வாய்ப்பக்கம் பித்தளைப் பூண் இடுக.

அரத்தால் வடிவம் கொடுத்து உப்புத்தாளால் தேய்த்தபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுக. அமுங்கிக் கிடந்த நார்கள் மயிர்போல் எழுந்து நிற்கும். மென்மையான தாளால் அவற்றை நீக்குக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், பின்னர்க் கழுவும்போது பிடி சொரசொரப்பாவதில்லை.

எண்ணெய் எது? தேங்காயெண்ணெய் உலராது, பிடி பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு கூடிக் கெட்டிப்படும் இயல்புடையது. மெல்லியதாகப் பூசி, மிகுந்ததைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின் அடுத்ததைப் பூசுக. இறுதியில் சிறிது தேன்மெழுகு தேய்த்தால் நீர் எளிதில் உட்புகாது. பளபளக்கும் வார்னிஷை நான் விரும்புவதில்லை. அது ஈரக்கையில் வழுக்கும், உரிந்தால் உணவிலும் விழும்.

எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றக்கூடும். அதை விரித்துக் காயவிடுக. அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க.