கணினிச் சேமிப்பகமும் கட்டுப்படுத்தியும்



வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருடைய உடைமைகளில் ஒரு பகுதி இன்று கணினிக்குள் இருக்கிறது. ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் நகல், பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு ஆகிய யாவும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அவற்றைக் காப்பதற்கான கருவியை வாங்கக் கடைக்குச் செல்கிறோம். கடைக்காரர் கண்ட்ரோலர், ரெய்டு, கேஷ் என்று சொற்களை அடுக்குகிறார். நாம் தலையை அசைத்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து வருகிறோம். சொல் விளங்காமையால் பொருளை இழந்தவர்கள் உண்டு. ஆகையால், அச்சொற்களுள் இன்றியமையாத சிலவற்றின் பொருளை இன்று காண்போம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். எனவே பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கண்ட்ரோலர் என்பதைத் தமிழில் கட்டுப்படுத்தி என்கிறோம். அடக்கி ஒடுக்குவது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி தாமே அலமாரிகளுக்கிடையே சென்று தேடுவதில்லை. “இத்தனையாம் அடுக்கில் உள்ளதைக் கொண்டு வாருங்கள்” என்று ஆவணக் காப்பாளரிடம் சொல்கிறார். கேட்டதை எடுத்துத் தருவதும், தந்ததை உரிய இடத்தில் வைப்பதும், ஏடு பழுதுபட்டிருக்கிறதா என்று சோதிப்பதும் காப்பாளரின் கடமை. அதிகாரி கணினியின் மையச் செயலகம், அலமாரி சேமிப்பு வட்டு, காப்பாளரே கட்டுப்படுத்தி.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. 1980இல் சிறு கணினிகளுக்கென 5 மெகாபைட் வட்டு வந்தது. அக்காலத்தில் கட்டுப்படுத்தி ஒரு தனி அட்டையாகக் கணினிக்குள் இருந்தது. அதிலிருந்து வட்டுக்குக் கம்பிகள் சென்றன. 1986ஆம் ஆண்டையொட்டி அந்த மின்னணுப் பகுதி வட்டின் உடலிலேயே பொருத்தப்பட்டது. இன்று ஒவ்வொரு வட்டும் தன் கட்டுப்படுத்தியைத் தன்னுடனேயே சுமந்து வருகிறது.

அப்படியானால், இன்று கணினியில் தனியே செருகப்படும் அட்டை யாது? அதன் சரியான பெயர் ஹோஸ்ட் அடாப்டர். கடைகளில் எச்.பி.ஏ. என்பர். ஹோஸ்ட் என்றால் இங்கே விருந்து அளிப்பவர் அல்லர். வட்டுகளைத் தன்பால் கொண்டிருக்கும் கணினியே ஹோஸ்ட். அதனை வட்டுகளோடு இணைப்பது இவ்வட்டை. இது வட்டுகளை உள்ளபடியே கணினிக்குக் காட்டும்; தானாக எதையும் தொகுக்காது.

இணைக்கும் வழிகளிலும் வேறுபாடு உண்டு. 2003 முதல் வழக்கிலுள்ள சாட்டா, வீட்டுக் கணினிகளுக்கு உரியது. எஸ்.ஏ.எஸ். பெருநிலையங்களுக்கு உரியது. எஸ்.ஏ.எஸ். கட்டுப்படுத்தி சாட்டா வட்டையும் ஏற்கும். சாட்டா கட்டுப்படுத்தி எஸ்.ஏ.எஸ். வட்டை ஏற்காது. சாட்டாவின் வேகம் 6 கிகாபிட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பிட் வேறு, பைட் வேறு. அந்த 6 கிகாபிட், வினாடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் தராது. 2011இல் வகுக்கப்பட்ட என்.வி.எம்.இ. முறை, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கென அமைந்தது. சாட்டா வட்டுக்கு ஒரே வரிசையில் 32 கட்டளைகள்தாம் காத்திருக்க இயலும். இம்முறையிலோ அறுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடம் உண்டு.

அடுத்த சொல் கேஷ். இது ரொக்கம் அன்று. கட்டுப்படுத்தியின் கையருகே உள்ள தற்காலிக நினைவகம். நம் ஆவணக் காப்பாளரின் மேசை என்று கொள்ளலாம். அதிகாரி தந்த கோப்பை அலமாரியில் வைத்த பின்னரே “வைத்துவிட்டேன்” என்று சொல்வது ஒரு முறை. அதனை ரைட் த்ரூ என்பர். கோப்பை மேசைமீது வைத்துக்கொண்டு, “வைத்துவிட்டேன்” என்று உடனே சொல்லிவிட்டு, ஓய்வாக அலமாரியில் சேர்ப்பது மற்றொரு முறை. அது ரைட் பேக். பின்னது விரைவானது. ஆனால் இடையில் மின்சாரம் நின்றால் மேசைமீது இருந்தவை மறைந்துவிடும். அதனால்தான் நல்ல கட்டுப்படுத்திகளில் சிறு மின்கலம் ஒன்று இணைக்கப்படுகிறது. மின்வெட்டு மிகுந்த ஊரில் இருப்போர், அம்மின்கலம் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி, ரெய்டு. சோதனையிட வரும் ரெய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல வட்டுகளை ஒன்றாகத் தொகுக்கும் முறை இது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் பரவியது. ரெய்டு 1 என்பது இரு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதுவது. ரெய்டு 5 என்பதற்குக் குறைந்தது மூன்று வட்டுகள் வேண்டும். ஒரு வட்டில் 7, மற்றொன்றில் 5 என்றால், மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என்று குறித்து வைப்பது போன்றது அது. ஏதேனும் ஒரு வட்டு பழுதுபட்டால், எஞ்சிய இரண்டைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டுவிடலாம். இயந்திரம் கூட்டலுக்குப் பதிலாக ஒற்றை, இரட்டைக் கணக்கைக் கையாள்கிறது. அதற்குப் பாரிட்டி என்று பெயர். ரெய்டு 0 என்பதோ வேகத்துக்காகச் செய்தியைப் பகுத்து வைப்பது மட்டுமே. அதில் ஒரு வட்டு போனால் அனைத்தும் போயிற்று. சுழியம் என்னும் எண்ணே அதன் பாதுகாப்பின் அளவைச் சொல்கிறது எனலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ரெய்டு இருக்கிறது, ஆகையால் நகல் வேண்டாம் என்று கருதுவது தவறு. ரெய்டு காப்பது வட்டின் பழுதிலிருந்து மட்டுமே. நாம் கைதவறி ஓர் ஆவணத்தை அழித்தால், கட்டுப்படுத்தி கீழ்ப்படிதலுள்ள ஊழியரைப் போல இரு வட்டுகளிலும் அதனை அழித்துவிடும். திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் அது ஈடு கொடுக்காது. மேலும், கட்டுப்படுத்தியே பழுதுபடலாம். வட்டுகளை எவ்வாறு தொகுத்தோம் என்னும் குறிப்பை ஒவ்வொரு நிறுவனத்தாரும் தத்தம் முறையில் எழுதுவதால், வேறு நிறுவனத்தின் அட்டை அதனைப் படிக்காமற் போகக்கூடும். வட்டுகள் நலமாக இருந்தும் செய்தி கைக்கு எட்டாத நிலை அப்போது ஏற்படும்.

எனவே நேயர்களே, கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வெறும் இணைப்பு அட்டையா, ரெய்டு கட்டுப்படுத்தியா? கேஷுக்கு மின்கலப் பாதுகாப்பு உண்டா? அட்டை பழுதானால் இதே வகை அட்டை பின்னரும் கிடைக்குமா? விடை எதுவாயினும், இன்றியமையாத ஆவணங்களின் நகல் ஒன்றைத் தனி வட்டில் எடுத்து, வேறோர் இடத்தில் வையுங்கள். ஊரிலுள்ள தம்பி வீட்டிலோ, மகள் வாழும் நகரிலோ அது இருக்கட்டும். பாட்டியாரின் குரலை மீண்டும் பதிவு செய்ய எந்தக் கட்டுப்படுத்தியாலும் இயலாது.