ஒரே அறையில் இருந்தவன்



நட்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினையாமல் இருப்பதில்லை. சோழன் வடக்கிருந்தபோது, தான் ஒருநாளும் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்து சேர்ந்தார் என்கிறது புறநானூறு. காணாமலே வளர்ந்த நட்பு அது. என் கதை வேறு. ஒரே அறையில் படுத்தெழும்பிய ஒருவனை நண்பன் என்று அறிய எனக்கு மூன்று வருடங்கள் சென்றன.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்தவன். 1980இல் மொஸ்கோவில் உள்ள லுமும்பா மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றேன். ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கென்று 1960இல் தொடங்கப்பட்டது அது. விடுதியில் என் அறைத்தோழன் மாத்தறையிலிருந்து வந்த சிங்கள மாணவன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. முதலாண்டில் எல்லோரும் ருஷ்யமொழி படிக்கவேண்டும். அது நாவில் படிந்த பிறகுதான் ஒரே நாட்டுப் பிள்ளைகளான நாங்கள் மனம்விட்டுப் பேசினோம்.

அவனுடைய தாயார் நாகதீப யாத்திரை வந்தவராம். நயினாதீவைத்தான் அவர்கள் அப்படி அழைப்பார்கள். எங்கள் ஊர்க் கிணற்றுநீர் உவர் என்றும், நல்ல தண்ணீருக்காக அம்மா குடத்துடன் நெடுந்தூரம் நடப்பார் என்றும் நான் சொன்னேன்.

1983 ஜூலையில் வானொலி கொழும்புக் கலவரத்தைச் சொன்னது. என் அண்ணன் வெள்ளவத்தையில் இருந்தார். இரண்டு நாள்கள் நான் அறைத்தோழனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் என்ன குற்றம் செய்தான்? இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் இரவு அவன் களைத்துப்போய் வந்தான். மத்திய தந்தி நிலையத்தில் பகல் முழுதும் காத்திருந்து, கொழும்பிலுள்ள தன் மாமாவுடன் பேசியிருக்கிறான். அண்ணனைத் தேடச் சொல்லியிருக்கிறான். சில நாள்களில் பதில் வந்தது: அண்ணன் இரத்மலானை அகதி முகாமில் உயிரோடு இருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் அவன் நாடு திரும்பினான். நான் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டேன். 1991இல் எங்கள் தீவு இராணுவத்தின் வசமானபோது ஊரே இடம்பெயர்ந்தது. போர் முடிந்த மறுவருடம், 2010இல், அவன் தன் தாயாரைப்போல நாகதீபத்துக்குப் போனான். குறிகட்டுவான் துறையிலிருந்து திரும்பும் வழியில் இறுப்பிட்டியை விசாரித்து, எங்கள் வளவைத் தேடிப் பிடித்திருக்கிறான். அன்றிரவே தொலைபேசியில் பேசினான்.

“வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருக்கிறது. அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், உப்பு.”

இதையும் ருஷ்யமொழியில்தான் சொன்னான்.

பிசிராந்தையார் வந்தபோது அவருக்கென்று ஓர் இடம் காத்திருந்தது. என் நண்பன் எங்கள் கிணற்றடிவரை வந்தபோது, “வாருங்கோ, இருங்கோ” என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.