கடைசல் உளியும் பிடிச்சட்டமும்

(ராயக்கோட்டையில் நிகழ்த்திய உரை)



மழுங்கிய அரிவாளைக் கொண்டு கதிரறுக்க நம்மில் எவரும் முற்படுவதில்லை. அரிவாளுக்குரிய நியாயம் கடைசல் உளிக்கும் உரியது. கட்டில் கால், பூரிக்கட்டை, பம்பரம் முதலியவற்றைக் கடைந்து தரும் தொழிலாளியின் வரும்படி உளியின் முனையிலேதான் இருக்கிறது. ஆதலின், உளி தீட்டும் முறை பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

அண்டையிலுள்ள கர்நாடகத்தின் சென்னபட்டணம் மரப் பொம்மைகளால் புகழ் பெற்றது. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றுவது அவ்வூர் வழக்கம். அத்தகைய வேலைக்குக் கூரிய உளி இன்றியமையாதது. மழுங்கிய உளி மரத்தை வெட்டாது; பிய்க்கும். பிய்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பதிலேயே பொழுது கழியும்.

குழிவான உளியைத் தீட்டுவது எளிதன்று. அதன் வாய் நகம்போல் வளைந்தது. சாணைச் சக்கரத்தில் வைத்து உருட்டிக்கொண்டே இருபுறமும் திருப்ப வேண்டும். கை சற்றுப் பிசகினால் ஒரே சாய்வுக்குப் பதில் பல முகங்கள் விழும். அவற்றைச் சீராக்க மேலும் தேய்க்க நேரும். விலை கொடுத்து வாங்கிய எஃகு இவ்வாறு பொடியாய்ப் போகிறது.

இதற்குப் பரிகாரம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அறிந்ததே. ஒரே அளவில் பல உறுப்புக்களைச் செய்ய அங்கே 'ஜிக்' என்னும் பிடிச்சட்டத்தைப் பயன்படுத்துகின்றனர். உளிக்கும் அத்தகைய சட்டம் உண்டு. உளியை அதில் இறுக்கி, சட்டத்தின் காலைச் சாணையின் முன்னுள்ள குழியில் ஊன்றி, இடமும் வலமுமாக அசைத்தால் போதும்.

மூன்று அளவுகளை மாற்றலாகாது: சட்டத்துக்கு வெளியே உளி நீளும் அளவு, சட்டத்தின் காலின் சாய்வு, குழிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம். முதல் அளவுக்குப் பலகையில் ஒரு கட்டை அடித்து வைத்தால் தினமும் அளக்க வேண்டியதில்லை. உளியின் சாய்வில் மை பூசி, மின்சாரமின்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மை முழுவதும் அழிந்தால் அளவு சரி.

சாதாரண எஃகு உளி நீலம் பூத்தால் பதம் போயிற்று. அதனை அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். அதிவேக எஃகு சூட்டைத் தாங்கும். அதைச் சுடச்சுட நீரில் இடலாகாது. கண்ணாடி அணியாமலும், தோளில் துண்டுடனும் சாணையருகில் நிற்கக்கூடாது.

பழகிய கைக்குச் சட்டம் எதற்கு என்று பெரியோர் கேட்கலாம். அக்கை நம் மதிப்புக்குரியது. ஆயினும், அப்பழக்கம் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் புதிதாய் வரும் இளைஞன் எத்தனை உளிகளைத் தேய்த்துத் தீர்ப்பான்? தீட்டத் தெரியாமல் மனம் சலித்துத் தொழிலையே விட்டுவிடுவானே! பெரியவர் கண் பார்த்துச் சொல்ல, இளையவர் கை சட்டத்தில் பழகட்டும்.

தனித்தனியே சாணையும் சட்டமும் வாங்கப் பலருக்கும் வசதியிராது. ஊருக்குப் பொதுவாக ஒன்று அமைக்கப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வர வேண்டுகிறோம். உளி கூராக இருந்தால் தொழில் நிலைக்கும். தொழில் நிலைத்தால் தொழிலாளி ஊரில் நிலைப்பான்.