வாழப்போன நாட்டின் கொடியும் நாம் கொடுத்த வாக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பாடியில் வாழும் நம் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன்னர் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவை. லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா ஆகிய ஆலைகளின் ஷிப்டு நேரத்தை வைத்தே தொழுகை நேரத்தைக் கணக்கிட்ட தந்தையரின் பிள்ளைகள், இன்று துபாயிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். முன்னோர் இவர்களைச் சபுராளிகள் என்றழைத்தனர். சபுர் என்றால் பயணம். போனவர் திரும்பி வருவார் என்பது அச்சொல்லின் உட்பொருள். இன்று பலர் திரும்புவதில்லை. போன நாட்டிலேயே குடியுரிமை பெற்றுவிடுகின்றனர்.

அவர்களிடமிருந்து நமக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘ஹள்ரத்! பிள்ளையின் பள்ளியில் தினமும் காலையில் கொடியேற்றி, தேசிய கீதம் பாடி, உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்கள். இது மார்க்கத்தில் கூடுமா?’

இக்கேள்விக்கு ஹபஷா நாட்டு ஹிஜ்ரத்தைவிடப் பொருத்தமான முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை. மக்காவின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் கடல் கடந்து நஜ்ஜாஷி மன்னரின் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். மன்னருக்கு முன் ஸஜ்தாச் செய்வது அந்த அவையின் வழக்கம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஸலாம் மட்டும் உரைத்து நிமிர்ந்து நின்றார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வுக்கன்றி வேறு எவருக்கும் நாங்கள் ஸஜ்தாச் செய்வதில்லை என்று மரியாதை குன்றாமல் விடையளித்தார்கள். இதுவரை மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இதன் பிற்பகுதியை அதிகம் பேசுவதில்லை.

பின்னர் அந்நாட்டில் மன்னரை எதிர்த்து ஒருவன் போர் தொடுத்தான். முஸ்லிம்கள் பெரிதும் கவலையுற்று மன்னரின் வெற்றிக்காக துஆச் செய்தனர். போரின் முடிவை அறிந்து வர, அவர்களுள் இளையவரான ஸுபைர் (ரலி) அவர்கள், காற்று நிரப்பிய தோல் துருத்தியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நைல் நதியை நீந்திக் கடந்தார்கள். மன்னர் வென்ற செய்தி வந்தபோது தாங்கள் அடைந்த மகிழ்ச்சியை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சடங்கில் தலை குனிய மறுத்தவர்கள், அந்நாட்டின் நன்மைக்காக ஆற்றில் இறங்கினார்கள். வணக்கம் வேறு, விசுவாசம் வேறு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

ஆகவே, ஒரு நாட்டின் கீதம் இசைக்கப்படும்போது எழுந்து நிற்பது வணக்கம் அன்று; மரியாதை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதர் ஜனாஸாவாயிற்றே என்று கேட்டவர்களுக்கு, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். உலமாக்களில் சிலர் இவ்விஷயத்தில் கடுமை காட்டியுள்ளனர் என்பதை மறுக்கவில்லை. சவூதி அரேபியாவிலேயே செப்டம்பர் 23 தேசிய தினத்தைக் கொண்டாடுவதை ஆலிம்கள் பலர் ஆட்சேபித்து வந்தனர். 2005-ல்தான் அது அரசு விடுமுறையாயிற்று. நம் அபிப்பிராயம், நிற்பதில் குற்றமில்லை என்பதே. பாடலின் வாசகத்தில் ஈமானுக்கு முரணானது இருப்பதாக ஒருவர் உணர்ந்தால், மௌனமாக நிற்கட்டும்.

மௌனமாக நிற்கும் உரிமையைச் சட்டமும் ஏற்றிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. 1985-ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. எழுந்து நின்றதே உரிய மரியாதை என்றது. அமெரிக்காவிலும் கொடிவணக்கத்திற்கு மாணவரை வற்புறுத்தலாகாது என்று 1943-லேயே தீர்ப்பாகிவிட்டது. அங்கும் வழக்குத் தொடுத்தவர்கள் அதே பிரிவினர்தாம்.

சிங்கப்பூருக்குச் சென்றோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். அந்நாட்டின் கீதத்தை இயற்றி இசையமைத்த ஸுபிர் சைத், சுமத்ராவிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம். மாணவர்கள் வலக்கை முட்டியை நெஞ்சில் வைத்துச் சொல்லும் உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் எஸ். ராஜரத்தினம். இரண்டுமே குடியேறியவர்களின் ஆக்கங்கள். அவற்றை அந்நியமாக எண்ணி முகம் சுளிக்க நமக்கு என்ன இருக்கிறது?

இங்கே சிரிப்பூட்டும் ஒன்றையும் சொல்லிவிடுவோம். ஆகஸ்ட் 15 அன்று நம் மதரஸா வாசலில் கொடியேற்றும்போது எட்டிப்பார்க்காத சிலர், டிசம்பர் 2 வந்தால் அமீரகத்துக் கொடியைக் கார் முழுதும் ஒட்டிப் படம் அனுப்புகின்றனர். அதில் பாவமில்லை. இங்கேயும் ஒரு கால் மணி நேரம் நிற்கலாம்.

ஜமாஅத்தார்களே! நாம் உண்மையில் அஞ்சுவது வேறொன்றைக் குறித்து. நிற்கலாமா, பாடலாமா என்று ஆயிரம் முறை கேட்பவர்கள், குடியுரிமை பெறும் நாளில் வாயால் சொல்லும் சத்தியத்தைப் பற்றி ஒருமுறையும் கேட்பதில்லை. ‘அதெல்லாம் பாஸ்போர்ட்டுக்காகச் சொல்வதுதானே’ என்கின்றனர். கொடிக்கு முன் நிற்பது மரியாதை சார்ந்தது. சத்தியமோ மார்க்கம் சார்ந்தது. அல்மாயிதா அத்தியாயம் முஃமின்களை விளித்து இடும் முதற் கட்டளையே உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சொல்வதுதான்.

ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் அகப்பட்டனர். முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்களித்த பிறகே விடுவிக்கப்பட்டனர். பத்ருக் களத்தில் முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். இரண்டு வாள்கள்கூட அன்று பெரிது. பலவந்தமாக வாங்கிய வாக்கு, அதுவும் எதிரிக்குக் கொடுத்தது. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் இருவரையும் திருப்பியனுப்பி, வாக்கைக் காப்பாற்றச் சொன்னார்கள். நம்மவர் கொடுக்கும் வாக்கையோ எவரும் பலவந்தமாக வாங்குவதில்லை. வரிசையில் நின்று, கட்டணம் செலுத்தி, விரும்பிக் கொடுக்கிறோம்.

அமெரிக்கச் சத்தியம், பிற அரசுகளின் மீதுள்ள விசுவாசத்தைத் துறக்கச் சொல்கிறது. சிங்கப்பூரும் பழைய குடியுரிமையைக் கைவிடக் கேட்கிறது. நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்ற அன்றே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. அதன் பின்னரும் பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் மறைத்து வைப்பதும், இங்குள்ள வாக்காளர் பட்டியலில் பெயரை விட்டுவைத்து, விடுமுறைக்கு வந்த நேரத்தில் வாக்களிப்பதும் சாமர்த்தியமல்ல. இரு நாட்டுக்கும் செய்யும் மோசடி. சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளின் ஆண்மக்களுக்கு இரண்டாண்டு தேசிய சேவை கட்டாயம். அந்நாட்டின் பள்ளியையும் பாதுகாப்பையும் பிள்ளைப் பருவம் முழுதும் அனுபவித்துவிட்டு, மகனுக்குப் பதினாறு வயது நெருங்கும்போது தப்பும் வழியைத் தேடுகிறவர், தினமும் உறுதிமொழி சொன்ன தம் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறார்?

‘அப்படியானால் ஊரை மறந்துவிட வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புற்களையும் எண்ணி ஏங்கினார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பதுபோல், அல்லது அதற்கும் மேலாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். நாட்டுப்பற்று ஈமானின் பகுதி என்று ஹதீஸாகச் சொல்லப்படும் வாசகம் ஆதாரப்பூர்வமானதன்று. இந்த துஆவோ புகாரியில் உள்ளது. பழைய ஊரின் ஏக்கமும் புதிய ஊரின் நேசமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இது போதும்.

அயலூரில் நம்மவர் நிற்கும் நிலையில் நம்மிடையே வந்து நிற்பவர்களும் உளர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் பலர் ஜும்ஆவுக்கு நம் பின்வரிசைகளில் நிற்கின்றனர். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது அரசாணை. சொல் ஒன்றும் விளங்காமல் அவர்களும் நிற்கின்றனர். உதடு அசையவில்லையே என்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர், சிட்னியிலும் சிகாகோவிலும் தம் பிள்ளையின் உதட்டையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை எண்ணட்டும்.

இவ்வாண்டு குடியுரிமைச் சத்தியம் எடுக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சத்தியத்தின் வாசகத்தை முன்கூட்டியே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டனைப் போன்ற நாடுகளில் இறைவன் பெயரால் சொல்லும் வாசகம், உறுதி மட்டும் கூறும் வாசகம் என இரண்டு உண்டு. எதைத் தேர்வது என்பதையும் ஆலோசிக்கலாம். இஷாத் தொழுகைக்குப் பின் நாம் பள்ளியில்தான் இருப்போம். வரி வரியாகச் சேர்ந்து படிப்போம். காப்பாற்ற இயலாத வரி ஏதேனும் இருந்தால், கையெழுத்திடும் முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

வஸ்ஸலாம்.