பத்து விரல்களில் ஒரு சிம்பொனி
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை பாடற்குழுவினருக்கு ஆற்றிய உரை)



யூபிலித் திருப்பலிக்குச் சென்னையிலிருந்து வாத்தியக் குழுவை வரவழைக்க வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். நம் பாடற்குழுவே போதும் என்கின்றனர் மறு சாரார். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு முடித்து வரும் நம் பிள்ளைகளில் ஒத்திகைக்கு ஆறு பேர் சேர்ந்தாலே பெரிது. இருப்பதோ ஒரே கீபோர்டு. இதற்கு விடை சொல்லுமுன் ஒரு பழைய செய்தி.

ஹங்கேரி நாட்டுப் பியானோ மேதை லிஸ்ட், பீத்தோவனின் 9 சிம்பொனிகளையும் ஒரே பியானோவில் வாசிக்கும்படி எழுதினார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதே 1877-இல்தான். அதற்குமுன் பெருநகருக்கு வெளியே வாழ்ந்தவனுக்குச் சிம்பொனி என்றால் பெரும்பாலும் வீட்டுப் பியானோதான்.

1837-இல் தொடங்கிய வேலை பல்லாண்டுகள் கிடப்பில் கிடந்தது. மகனையும் மூத்த மகளையும் பறிகொடுத்த லிஸ்ட், 1863-இல் ரோமாபுரியில் செபமாலை மாதா மடத்தில் குடியேறினார். அவ்வாண்டு ஜூலையில் பாப்பரசர் 9-ஆம் பத்திநாதரே அங்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டார். அம்மடத்தில் இருந்த காலத்தில்தான் எஞ்சிய வேலையை முடித்தார். எந்தச் சுரத்தை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். இசைக்குறிகளோடு புல்லாங்குழல், கொம்பு என்று வாத்தியத்தின் பெயரையும் குறித்தார். வாசிப்பவன் மனத்தில் அந்தக் குரல் கேட்க வேண்டுமல்லவா?

9-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பெரும் பாடற்குழுவும் உண்டு. இரண்டு கைகளுக்கு இது ஆகாது என்று கைவிட்டார். பதிப்பாளர் விடவில்லை. மறுபடி உட்கார்ந்து முடித்தார். 1865-இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு திருச்சபையில் சிறு பட்டங்களும் பெற்றார், குருவாகவில்லை. (1903-இல் பாப்பரசர் 10-ஆம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவே கூடாது என்றார். அதை நமக்குக் குருமடத்தில் நினைவூட்டிய முதிய குருக்கள் உண்டு!)

பொத்தானை அழுத்தினால் தாளமும் வயலினும் தானே வரும் வாசிப்பு வேறு. நாம் கேட்பது அதையல்ல.

சென்ற மாதம் நம் கீபோர்டு தம்பி இரவு ஷிப்டு முடித்து நேரே காலைத் திருப்பலிக்கு வந்தார். காணிக்கைப் பாட்டின் நடுவே கண்ணயர்ந்தார், பாட்டு நின்றது. சிலர் சிரித்தனர். வெளிக்குழு வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் எழுந்தது. அவர் அதன்பின் கோவிலில் பின்வரிசையில் அமர்கிறார்.

வெளிக்குழு வேண்டாமென்று முடிவு செய்துள்ளோம். அவரை நாமே வீட்டுக்குச் சென்று அழைத்தோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒத்திகை இனி ஞாயிறு மாலை 4 மணிக்கு. கீபோர்டு கற்க விரும்பும் இன்னொருவர் இன்றே பெயர் தரவும். தம்பிக்கு இரவு ஷிப்டு வரும் வாரங்களில் அவர் வாசிக்கட்டும்.