நம்ம மலையைப் பார்க்க வருகிறவர்களும் நாமும்

(பதுளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேச வரவில்லை. அதெல்லாம் முடிந்துபோன விசயம் என்று அர்த்தமல்ல. நம்ம தோட்டத்து ரோட்டில் காலையில் இருந்து மாலை வரை வேனிலும் த்ரீவீலிலும் வந்து இறங்குகிறார்களே, உல்லாசப் பிரயாணிகள், அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது, நம்ம பிள்ளைகளுக்கு அதனால் நல்லதா கெட்டதா என்பதுதான் விசயம்.

2018ஆம் ஆண்டில் மட்டும் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் இலங்கைக்கு வந்தார்கள். 2024இலும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அதில் பெருந்தொகையானோர் எல்ல, அப்புத்தளைப் பக்கம் ஏறி வருகிறார்கள். ஆனால் நம்ம லயத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டால், "இங்க பார்க்க என்ன கெடக்கு? எல்லாம் தேயிலையும் மழையும்தானே" என்பார். பிறந்ததில் இருந்து பார்த்த மலை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. அதனால் முதலில் நம்ம பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

அப்புத்தளையில் இருந்து தொடங்குவோம். தம்பேதென்னைத் தோட்டத்து உச்சியில் லிப்டன் சீட் இருக்கிறது. 6,000 அடிக்கு மேலான உயரம். ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். அவற்றில் தம்பேதென்னையும் ஒன்று. அந்த உச்சியில் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்ப்பாராம். இன்றைக்கு அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. விடியற்காலையில் பனி மூட்டம் வருவதற்கு முன்னால் போனால் பல மாவட்டங்கள் தெரியும். அதே அப்புத்தளையில் அடிஷம் பங்களா. தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்துப் பாணியில் கட்டி 1931இல் முடித்த கல் வீடு. 1960களில் இருந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்தது எல்ல. சின்னச் சிவனொளிபாத மலை, எல்ல மலைப்பாறை, வெல்லவாயா ரோட்டோரம் இராவணன் நீர்வீழ்ச்சி. அங்கேயிருந்து தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலம். உலகம் முழுக்கப் படத்தில் போட்டிருப்பது இந்தப் பாலம்தான். ஏறக்குறைய 300 அடி நீளம், 80 அடி உயரம். இரும்புச் சட்டம் இல்லாமல் கல், செங்கல், சீமெந்து கொண்டு கட்டியது. 1921ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது என்று சொல்லப்படுகிறது.

பிறகு தெமோதரை ஸ்டேசன். எல்லவில் இருந்து வருகிற ரயில் ஸ்டேசனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகும். இறக்கம் அதிகமாகையால் இப்படி ஒரு வளைவு போட்டார்கள். இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். எப்படிப் பாதை போடுவது என்று எஞ்சினியர் திகைத்து நின்றபோது, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி தலையைச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். நடந்ததோ இல்லையோ, கதையில் நிற்பது நம்ம கங்காணி. இதை வருகிறவர்களுக்குச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ரயில் பாதை 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்தது. நூறு வருசம் தாண்டிவிட்டது.

பதுளையில் முத்தியங்கனை விகாரை, பௌத்தர்கள் பூஜிக்கும் பதினாறு தலங்களில் ஒன்று. டவுனுக்குப் பக்கத்தில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, 210 அடி. புகை போலத் தண்ணீர் எழும்புவதால் அந்தப் பெயர். ஹாலிஎலப் பக்கம் போகொடையில் கூரை போட்ட பழைய மரப்பாலம் உண்டு. பசறைப் பக்கம் 6,600 அடிக்கு மேல் நமுனுகுலை மலை. கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரமானது. முதலாவதான பம்பரகந்தையும் நம்ம பதுளை மாவட்டத்தில்தான். நாம் வருசா வருசம் நேர்த்திக்குப் போகிற கதிர்காமமும் ஊவா மாகாணத்தைச் சேர்ந்ததே.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது தேயிலை. ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் என்று உலகச் சந்தையில் பெயர். ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் கூடையோடு நின்றவர்கள் நாம். ஸ்டோரில் கொழுந்து வாட்டுவது, ரோதையில் அரைப்பது, புளிக்க வைப்பது, காய வைப்பது, சலிப்பது என்று ஒவ்வொன்றும் நம்ம வீட்டில் யாராவது ஒருவருக்குக் கைப்பழக்கம்.

இப்பொழுது விசயத்துக்கு வருவோம். பார்க்க வருகிறவர்கள் செலவழிக்கிற பணம் எங்கே போகிறது? ஹோட்டலுக்கு, வேன் சொந்தக்காரருக்கு, டவுன் கடைக்கு. லயத்துக்கு வருவது எது? ரோட்டோரம் நிற்கிற பிள்ளையின் கையில் ஒரு டொபி, ஒரு பேனை, சில நேரம் நூறு ரூபாய். இதைத்தான் நாங்கள் பயத்தோடு பார்க்கிறோம்.

பிள்ளைக்கு இரண்டு நாள் காசு கிடைத்தால் மூன்றாவது நாள் பள்ளிக்கூடத்துக்கு மனம் போகாது. நுவரெலியா ரோட்டில் பிள்ளைகள் பூங்கொத்தோடு வளைவுக்கு வளைவு குறுக்கே ஓடி வாகனத்தை மறித்து விற்றதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஓடுகிற காலைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர், அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதா என்று கேட்பதில்லை. 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதையும் 16 ஆக்கினார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். முன்பின் தெரியாத ஆள், உள்நாட்டுக்காரரோ வெளிநாட்டுக்காரரோ, பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டால், பரிசு கொடுத்துப் பழகினால், விட்டுவிடாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

வருகிறவர் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லத் தேவையில்லை. "சேர், பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க, பிள்ளை மடுவத்துக்குக் கொடுங்க" என்று அதிபரிடமோ மடுவத்து அம்மாவிடமோ காட்டிவிடுங்கள். கொடுப்பவருக்கும் மரியாதை, வாங்குபவருக்கும் மரியாதை.

அடுத்தது கொழுந்து பறிக்கிற தாய்மார்களுக்கு. உங்களைப் படம் எடுக்க வருவார்கள். எடுக்க விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். "வேணாங்க" என்று சொன்னால் அதுவே போதும், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிறை குறைந்து அரைப்பேர் விழுந்தால் படம் எடுத்தவர் வந்து ஈடு செய்யப் போவதில்லை. லயத்து வாசலில், குளிக்கிற பீலியில் படம் எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. தம்பிமார் யாராவது அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தால் அவர்களையும் கண்டியுங்கள்.

படத்தில் நிற்பதை விடக் கையால் செய்து கொடுத்துச் சம்பாதிப்பது மேல். ரொட்டி, சம்பல், வடை, இஞ்சி போட்ட தேத்தண்ணி, வீட்டுத் தோட்டத்துப் பேரிக்காய், இதெல்லாம் நடந்து களைத்து வருகிறவர்களுக்குப் பெரிய விசயம். ஐந்து தாய்மார் சேர்ந்து, தோட்ட நிர்வாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு, சுத்தமான ஒரு சின்னக் கடை போடலாம். விலையை எழுதி ஒட்டுங்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை என்று வைத்தால் ஒரு வருசத்தில் பெயர் கெட்டுவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து, கண்டியில் இருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகப் பெக்கோ டிரெயில் என்ற நடைபாதை ஒன்று அண்மை வருசங்களில் உருவாகியிருக்கிறது. அது அப்புத்தளை, எல்லப் பக்கம் வழியாகவும் போகிறது. அந்தப் பாதைகளில் கொழுந்துச் சாக்கு சுமந்து நடந்தது உங்கள் தாத்தாவும் பாட்டியும். அதில் வழிகாட்டியாக நடக்க உங்களை விடத் தகுந்தவர் யார்? ஆனால் வழி தெரிந்தால் மட்டும் போதாது. வழிகாட்டிக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாடு முழுவதற்குமான வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி, ஓர் இடத்துக்கான வழிகாட்டி என்று வகைகள் இருக்கின்றன. சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளை பண்டாரவளையிலேயே இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கப்பட்டது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் சுற்றுலாத்துறைக்கும் பட்டப் படிப்பு இருக்கிறது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிற தம்பி, போவதற்கு முன்னால் இந்த வாசல்களையும் ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டும். விண்ணப்பம் நிரப்ப எங்கள் அலுவலகத்துக்கு வாங்க, உதவி செய்வோம். ஆங்கிலமும் சிங்களமும் பேசப் பழகுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள், தமிழ்நாட்டில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழிகாட்டுகிறவருக்கு முதல் கடமை உயிரோடு திரும்பக் கொண்டுவருவது. ரயில் வாசலில் தொங்கிப் படம் எடுக்கப் போய் வெளிநாட்டார் உயிர் விட்டது நம்ம பாதையிலேயே நடந்திருக்கிறது. பாலத்தில் ரயில் நேரம் தெரியாமல் ஆட்களை நிறுத்தாதீர்கள். மேலே மழை பெய்தால் இராவணன் நீர்வீழ்ச்சியிலும் தியலும மேற்குளங்களிலும் தண்ணீர் ஒரு நொடியில் கூடிவிடும், பாறை வழுக்கும். வறட்சிக் காலத்தில் பத்தனைப் புல்லில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் மலையே எரியும்.

மழைக்கால விசயத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இன்னும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் ஆளையும் வீட்டையும் இழந்தன. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே யாராவது வழி கேட்டால், ரயில் ஓடுகிறதா, ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பயணிகள் முறைப்பாட்டுக்கு 1912. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் யாரையும் மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், எவ்வளவு காசு கொடுத்தாலும் சரி.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தத் தொழில் காற்றடித்தால் சாயும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது பயணிகள் வரவு விழுந்தது. 2021இல் ஆண்டு முழுக்க வந்தவர்கள் 2 இலட்சம் கூட இல்லை. கடன் வாங்கி த்ரீவீல் எடுத்தவர்கள் பட்ட பாடு தெரியும்தானே. ஆகவே இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள். வீட்டில் ஒருவர் தொடங்கட்டும், மற்றவர்கள் பார்த்துச் செய்யுங்கள். லய அறையில் ஆட்களைத் தங்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி நம்ம பெயரில் இல்லாதவரை அதில் சிக்கல் உண்டு. காணி உறுதி கேட்டு நாம் எழுப்புகிற குரலுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரப்போகிற பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை நீங்களே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். வேன் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம். சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி தெமோதரைக்கு, துன்ஹிந்தவுக்குப் போய் வரலாம். கங்காணி தலைப்பாகைக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் தகப்பனார் எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், பாட்டி எந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்று கைகாட்டிச் சொல்லுங்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நாளைக்கு ரோட்டில் கை நீட்டி நிற்காது. "வாங்க, எங்க ஊரைக் காட்டுறேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லும், அதற்குரிய கூலியையும் கேட்டு வாங்கும்.

 இன்னும் பேச வேண்டியதை உங்கள் லயத்து வாசலில் வந்து பேசுவோம்.